கெலெமன் சாமிக்கு ஒரு மாலை

அக்டோபர் 28

முட்டி வலி உயிரை எடுக்கிறது. இன்றைக்கு மட்டும் மூன்று தடவை ஊருக்குள் இறங்கி ஏறினேன். மலைமேல் மடம், கீழே செந்த்வார் என்கிற ஊர், நடுவில் இருநூற்றுப் பதினான்கு படி. காலையில் மருந்துக் கடை, மதியம் தபாலாபீஸ், சாயங்காலம் ஒரு சாமியாரின் உடைந்த மூக்குக் கண்ணாடி. ஹங்கேரியில் இதைவிட அழகான ஊர் இல்லை என்று சுற்றுலா வருகிறவர்கள் இந்தப் படியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் அடித்த பழைய வீடுகள், துருக்கிக்காரன் காலத்துக் கோட்டைச் சுவர், மடத்தின் இரட்டைக் கோபுரம். அழகுதான், யார் இல்லையென்றது. பெட்பேன் கழுவுகிறவன் அதை எப்போது நின்று பார்ப்பது?

டைரி எழுதச் சொன்னது என் மனைவி அமலோற்பவம். "யார்கிட்டயும் பேசாம கிடந்தா புத்தி பேதலிச்சுரும். ஒரு நோட்டுகிட்டயாவது பேசுங்க" என்றாள். பேசுகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மடத்து நோயாளிக் கூடத்தில் ஆறு கிழட்டுச் சாமியார்கள், அவர்களுக்கு நர்ஸ் நான் ஒருத்தன். ராயப்பன் என்றால் பேதுரு என்று முதல் நாள் விளக்கினேன். அன்றிலிருந்து பேத்தர் ஆகிவிட்டேன். சாமியாரை இங்கே 'அட்யா' என்கிறார்கள். எனக்குச் சாமி என்றுதான் வாயில் வருகிறது, அவர்களும் பழகிக்கொண்டார்கள். இவர்களுடைய மஜ்யார் பாஷையை எழுத எனக்குத் துப்பில்லை, அவர்கள் பேசுவதை நம் பேச்சிலேயே எழுதிக்கொள்கிறேன்.

இன்றைக்குப் பெரிய சாமி கூப்பிட்டார். மடத்துக்குத் தலைவர், வில்மோஷ் என்று பேர். கூரை ஒழுகுகிறது, வெந்நீர்க் கொதிகலன் இந்தக் குளிரைத் தாங்காது, ஆகவே நவம்பர் முடிவில் நோயாளிக் கூடத்தை மூடிவிட்டு ஆறு பேரையும் நகரத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறார்களாம். நூற்று நாற்பது கிலோமீட்டர்.

ஐந்து பேர் தலையாட்டிவிட்டார்கள். ஆறாவது கெலெமன் சாமி. வயது தொண்ணூற்று ஒன்று.

"பதினேழு வயசுல என்னைய ராணுவ லாரியில ஏத்தி இந்த மலையை விட்டு இறக்குனானுங்க, பேத்தர். சாமியாரே வேண்டாம்னு சொன்ன கம்யூனிஸ்டு சர்க்காரு. தொழிற்சாலையில கரி அள்ளிப் போட்டேன். திரும்ப ஏறி வர நாப்பது வருசம் ஆச்சு. இன்னொரு தடவை என்னைய வண்டியில ஏத்தி இறக்க முடியாது. இங்கதான் சாவேன்."

சரி சாமி, சூப்பைக் குடியுங்கள் என்றேன்.

அக்டோபர் 30

மழை. கூடத்தில் நான்கு வாளி வைத்திருக்கிறேன், ஒழுகுகிற இடம் ஐந்து.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மடத்துச் சாமியார்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சதுக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் பிரோஷ்கா அம்மாளிடம் வாங்கி மூன்று நடையாகச் சுமந்தேன்.

எல்லாம் செவ்வந்தி. நம் செவ்வந்தியேதான், மஞ்சளும் வெள்ளையும். இந்த ஊரில் இவ்வளவு செவ்வந்தி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டம் முழுக்க மஞ்சள், ஒவ்வொரு கல்லிலும் மெழுகுவத்தி. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் இதுதான், மாதா தேருக்கும் இதுதான், பெண்கள் தலையில் வைப்பதும் இதைத்தான் என்று பிரோஷ்காவிடம் சொன்னேன். அந்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டது. இங்கே இந்தப் பூ செத்தவர்களுக்கு மட்டுமாம். உயிரோடு இருக்கிறவருக்குக் கொடுத்தால், நீ எப்போது போவாய் என்று கேட்பதாக அர்த்தமாம். வீட்டு வாசலுக்குள்ளேயே கொண்டுவர மாட்டார்களாம்.

ஊருக்கு ஊர் ஒரு பழக்கம். முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

நவம்பர் 4

கெலெமன் சாமி எடை எழுபத்து மூன்று. போன வாரம் எழுபத்து ஒன்று. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது, எழும்ப நேரமாகிறது. ஒரு தலையணையில் படுத்தவருக்கு இப்போது மூன்று வேண்டியிருக்கிறது. பதினெட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இருதயம் தளர்ந்து உடம்பில் நீர் ஏறுகிறது.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. தினமும் காலையில் ஆறு பேருக்கும் எடை, வீக்கம், மூச்சு, சாப்பாடு எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். டாக்டரம்மா ஆகோதா வந்தால் முதலில் அதைத்தான் திறப்பார். நாலு ஊருக்கு ஒரே டாக்டர், பாவம், அதுவும் ஓடிக்கொண்டே இருக்கிற ஜீவன்.

பேனாவைத் திறந்ததும் சாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எழுதாத. அந்தம்மா பாத்தா இன்னைக்கே ஆஸ்பத்திரி வண்டி வந்துரும். அங்கேருந்து நேரா நகரம்."

எழுபத்து ஒன்று என்று எழுதினேன். வீக்கம் இல்லை என்று எழுதினேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் எட்டுப் பக்கம் படிவம் நிரப்ப வேண்டும், அதை யார் செய்வது. அதற்காகத்தான்.

அப்பாவுக்கும் கால் இப்படித்தான் வீங்கியது.

நவம்பர் 7

டாக்டரம்மா வந்தார். சாமியை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முழங்கால்வரை கம்பளிக் காலுறை மாட்டி, அங்கியை இழுத்துவிட்டிருந்தேன். நோட்டைப் பார்த்தார், நாடி பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார். சாமி அவரிடம் அவருடைய நாயைப் பற்றி விசாரித்தார். அம்மாளுக்கு நாய் என்றால் உயிர், அதையே பேசிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் சாமி பத்து நிமிஷம் வாயால் மூச்சு வாங்கினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 8

எடை எழுபத்து நான்கு. நோட்டில் எழுபத்து ஒன்று.

நவம்பர் 11

மார்த்தீனார் திருநாள். இன்றைக்கு வாத்து சாப்பிடாதவன் வருஷம் முழுக்கப் பசியோடு கிடப்பான் என்று இவர்களுக்கு ஒரு நம்பிக்கை. பெரிய வெள்ளை வாத்து, சிவப்பு முட்டைக்கோஸ், புது ஒயின். கெலெமன் சாமி இரண்டு வாய் மென்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். உப்புப் போட்ட கறி அவருக்கு விஷம், தள்ளியதே நல்லது. நோட்டில் 'நன்றாகச் சாப்பிட்டார்' என்று எழுதிவிட்டு மீதியை நான் சாப்பிட்டேன்.

பொய் எழுதக் கை பழகிவிட்டது.

நவம்பர் 13

அமலோற்பவம் போன் பண்ணினாள். வருகிற இருபத்தாறாம் தேதி அப்பாவுக்கு வருஷப் பூசை. பங்குச் சாமியிடம் சொல்லிவிட்டாளாம், என் தங்கையும் அவள் வீட்டுக்காரர் இன்னாசி மச்சானும் வருகிறார்களாம். "நீங்க வர முடியாதுன்னு தெரியும். சும்மா ஒரு வார்த்தை சொல்லி வச்சேன்" என்றாள்.

போன வருஷம் இதே சமயம் நான் இந்தக் கூடத்தில்தான் இருந்தேன். அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று மச்சான் கூப்பிட்டார். அட்மிட் பண்ணிவிடுங்கள் என்று சொன்னது நான்தான். நர்ஸாக இருப்பவன் வேறு என்ன சொல்வான்? நாலாம் நாள் மச்சான் போனை அப்பா காதில் வைத்தார். லைன் சரியில்லை. அப்பா என்னவோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை. மறுநாள் குழாய் மாட்டினார்கள், அதற்கு மறுநாள் போய்விட்டார். வீடியோவில் அடக்கம் பார்த்தேன். பெட்டி தெரியாத அளவுக்கு மாலை.

மகளுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. அதையும் சொன்னாள்.

நவம்பர் 16

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

பெரிய சாமி பட்டியலோடு வந்தார். பயணம் தாங்குகிற அளவுக்கு உடம்பு உள்ளவர்கள் இருபத்தைந்தாம் தேதி காரில் போகிறார்கள். படுத்த படுக்கையாக, நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களை மட்டும் நகர்த்தக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், ஓடு பதித்த விறகடுப்பு உள்ள சின்ன அறையை மட்டும் சூடாக வைத்து இங்கேயே பார்த்துக்கொள்ளலாமாம். பழைய ஒழுங்கு அது, சாகப்போகிறவரை மலையிலிருந்து இறக்க மாட்டார்களாம். நான் இத்தனை நாள் இருந்தும் எனக்கு அது தெரியாது. கெலெமன் சாமிக்கும் மறந்துபோயிருக்கிறது, அல்லது பயத்தில் நினைவுக்கு வரவில்லை.

பட்டியலில் முதல் பேர் கெலெமன். பெரிய சாமி என் நோட்டைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "ஆறு பேருல இவருதான் திடமா இருக்காரு. உன் கவனிப்பு, பேத்தர்."

வாயைத் திறந்தேன். நன்றி சாமி என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 17

ஞாயிறு. இன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பூசை முடிந்து பெரிய சாமி தனியாகத்தான் நின்றார். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

நவம்பர் 18

சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். 'பதினைந்து நாளாக நோட்டில் பொய் எழுதினேன், கெலெமன் சாமி சாகக் கிடக்கிறார்.' மஜ்யார் மொழியில் எழுதி மனப்பாடம்கூடப் பண்ணிவிட்டேன். சொன்னால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். ஒரு நர்ஸ் பொய்க் கணக்கு எழுதினான் என்று ஒரு தடவை பதிவாகிவிட்டால் எந்த ஊர் ஆஸ்பத்திரி உள்ளே விடும்? மகள் இப்போதுதான் காலேஜுக்குள் கால் வைத்திருக்கிறாள்.

சொல்லாவிட்டால் சாமியை வண்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற கையும் என் கைதான்.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 19

எடை எழுபத்தைந்து. சொல்லவில்லை.

நவம்பர் 20

சாமிக்குப் பட்டியல் தெரிந்துவிட்டது. அழவில்லை, சத்தம் போடவில்லை. ஜெபமாலையையும் ஒரு பழைய கரண்டியையும் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தொழிற்சாலையில் நாற்பது வருஷம் சாப்பிட்ட கரண்டியாம். லாரியில் ஏற்றினபோது மடத்துச் சமையலறையிலிருந்து இடுப்பில் செருகிக்கொண்டு போனதாம்.

நான் போய் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வெட்கம், அவரிடம் அனுமதி கேட்டு நிற்கிறேன்.

"எழுதாதன்னு சொன்னவன் நான். எழுதுன கையி உன்னோடது. உனக்குப் பொண்ணு இருக்கு" என்றார். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், பேத்தர்."

கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காலைத் தலையணைமேல் தூக்கிவைத்தேன். அடுப்புக்கு விறகு போட்டேன். வேறு என்ன தெரியும் எனக்கு.

நவம்பர் 22

நாளைக்குக் கெலெமன் சாமியின் பேர்நாள். இங்கே பிறந்தநாளைவிடப் பேர்நாள் பெரிது. அவரவர் புனிதரின் திருநாள் அன்று கை குலுக்குவார்கள், ஒயின் ஊற்றுவார்கள், பூ கொடுப்பார்கள். மலையில் அவருக்கு இதுதான் கடைசி என்று பெரிய சாமி விருந்து ஏற்பாடு செய்திருக்கிறார். டாக்டரம்மாவையும் கூப்பிட்டிருக்கிறார்.

எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு மரியாதை என்றால் மாலை. நானும் மாலை போடலாம் என்று பிரோஷ்கா கடைக்கு இறங்கினேன். ரோஜா இருந்தது, வேறு என்னவெல்லாமோ இருந்தது. மாலை கட்டச் செவ்வந்திதான் தோது, காம்பு நிற்கும், உதிராது. மஞ்சள் செவ்வந்தி இரண்டு கட்டு கேட்டேன்.

"யாரு போனது?" என்றது அந்தம்மாள்.

கெலெமன் சாமியின் பேர்நாளுக்கு என்றேன். கட்டின பூவைத் திரும்ப வாளியில் போட்டுவிட்டது. நான் உனக்குச் சொன்னேனே, மறந்துவிட்டாயா என்று கேட்டது. எனக்குப் பாஷை அவ்வளவாகப் புரியாது என்று சொல்லி வாளியிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன்.

வாழைநாருக்கு எங்கே போவது? பேண்டேஜ் துணியைப் பிரித்து நூல் எடுத்துக் கட்டினேன். நாலு முழம் வந்தது. சின்ன வயதில் கட்டிப் பழகியது, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் விரல் மறக்கவில்லை.

நவம்பர் 23

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு கெலெமன் சாமியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். மேஜையின் தலைப்பக்கம் நிறுத்தினேன். பின்னால் வைத்திருந்த மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டுக் கும்பிட்டேன்.

கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. ஒருத்தர் சிலுவை போட்டுக்கொண்டார். பெரிய சாமி எழுந்தேவிட்டார், முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பேத்தர், என்ன பண்ணியிருக்க?"

எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு இப்படித்தான் மரியாதை செய்வோம் என்றேன். இந்தப் பூவில் ஏதாவது தப்பா என்றும் கேட்டேன்.

பெரிய சாமி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மற்றவர்களிடம், வெளிநாட்டுக்காரன், தெரியாமல் செய்துவிட்டான், யாரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி உட்காரப் போனார். அதோடு முடிந்திருக்கும்.

டாக்டரம்மா மட்டும் கண்ணை எடுக்கவில்லை. மாலையைப் பார்த்தார், மாலைக்கு மேலே கழுத்தைப் பார்த்தார். இருதயம் தளர்ந்தவர்களுக்குப் புடைக்கிற கழுத்து நரம்பு, உட்கார்ந்திருக்கும்போதே விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும் குனிந்து சாமியின் அங்கியைத் தூக்கிக் காலுறையை இறக்கினார். கட்டை விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது.

"நோட்டுல இருக்கறது எனக்கு வேண்டாம்" என்றார் என்னிடம். "இவருக்கு எப்படி இருக்கு?"

மனப்பாடம் பண்ணின வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. உடைந்த பாஷையில், எடை எழுபத்தாறு, நான் எழுபத்து ஒன்று என்று எழுதினேன், நாலாம் தேதியிலிருந்து எல்லாம் பொய், இவருக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு அழுதேன். நாற்பத்தெட்டு வயதில், பன்னிரண்டு சாமியார்களுக்கு நடுவில் நின்று.

கெலெமன் சாமி மாலையில் ஒரு பூவைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"தொண்ணூத்தியொரு வருசத்துல இதை மோந்து பாத்ததே இல்ல" என்றார். "கசப்பு வாசம். நல்லாத்தான் இருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் பொட்டியில போட்ட பெறகுதான் கெடைக்கும்."

மாலையைக் கழற்ற விடவில்லை. கசகசா தூவிய இனிப்புச் சேமியா வந்தபோதும் கழுத்தில்தான் இருந்தது.

தெரியாமல் செய்ததுதான். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 24

டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். கெலெமன் சாமியை நகர்த்தக் கூடாது. நீர் மாத்திரையை இரண்டு பங்காக்கினார், மூச்சுக்கு மருந்து கொடுத்தார், ஆக்ஸிஜன் வந்தது. போகும்போது வாசலில் நிறுத்தினார். "மூணு வாரத்துக்கு முன்னாடியே எழுதியிருந்தா, இந்த மூணு வாரமும் அவரு இவ்வளவு திணறியிருக்க மாட்டாரு. இதை நீ மறக்கக் கூடாது, பேத்தர்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

பிறகு பெரிய சாமி. டாக்டர் எழுதியதை அவர் சபை மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஜனவரியோடு என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள். அதுவரை சின்ன அறையும் கெலெமன் சாமியும் என் பொறுப்பு. வேறு எங்கேயாவது வேலை கேட்டால் என்ன எழுதிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். உண்மையை எழுதுவேன், முழுசாக எழுதுவேன் என்றார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

அமலோற்பவத்திடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 25

ஐந்து பேரும் போனார்கள். ஒவ்வொருவராகக் காரில் ஏற்றிப் பெல்ட் மாட்டிவிட்டேன். யானோஷ் சாமி கையை விடவே இல்லை. கூடத்தைக் கழுவிப் பூட்டினேன். நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

நவம்பர் 26

வருஷப் பூசையை வீடியோவில் பார்த்தேன். அப்பா படத்துக்குச் செவ்வந்தி மாலை. அவருக்கு உயிரோடு இருக்கும்போது நான் ஒரு மாலை போட்டதில்லை. கல்யாணத்தில் போட்டுக்கொண்டிருப்பார், அதுவும் அம்மா போட்டது.

டிசம்பர் 3

பனி. படியெல்லாம் வெள்ளை, ஊரிலிருந்து யாரும் ஏறி வரவில்லை. சாமியும் நானும் அடுப்பும். எடை எழுபத்து மூன்றுக்கு இறங்கிவிட்டது, படுத்தபடியே மூச்சு வருகிறது. காய்ந்த மாலையைக் கட்டில் கம்பியில் தொங்கவிடச் சொன்னார்.

ரவைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய கரண்டியால்தான் ஊட்ட வேண்டும் அவருக்கு.

"பிரோஷ்கா போன மாசமே உன்கிட்ட சொன்னாளாமே, அந்தப் பூவைப் பத்தி" என்றார்.

எனக்குப் பாஷை புரியவில்லை என்றேன்.

"இப்ப புரியுதே."

வாயைத் துடைத்துவிட்டேன். சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 9

கஞ்சி வேண்டாம் என்கிறார். தண்ணீர் மட்டும். உதட்டுக்கு வெண்ணெய் தடவுகிறேன்.

டிசம்பர் 12

இந்த நாட்டில் எல்லா ஊரிலும் மதியம் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடிக்கும். இன்றைக்கும் அடித்தது. பெரிய சாமி மந்திரித்த எண்ணெய் பூசி முடித்திருந்தார், கட்டிலுக்கு நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கெலெமன் சாமி கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார். கோபுரம் தெரிகிறதா என்று கேட்டேன். கண்ணால் ஆமாம் என்றார். மணி நிற்பதற்கு முன்னால் மூச்சு நின்றுவிட்டது.

நேரத்தை எழுதினேன். பன்னிரண்டு மணி இரண்டு நிமிஷம். எடை, வீக்கம், எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குளிப்பாட்டி அங்கி மாட்டினேன். கரண்டியை அவர் அங்கிப் பையிலேயே வைத்தேன்.

பிறகு சாவு மணி அடித்தது, ஆண் என்றால் மூன்று தடவையாம். கீழே சதுக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றி நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இந்த ஊரை நான் நின்று பார்த்தது இன்றைக்குத்தான்.

டிசம்பர் 14

காலையில் பெரிய சாமி என் அறைக்கு வந்தார். இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கையில் ஒரு வாளி, வாளி நிறைய வெள்ளைச் செவ்வந்தி. இந்தப் பனியில் அறுபத்தெட்டு வயது மனுஷர் அவரே படியிறங்கிப் போய் வாங்கி வந்திருக்கிறார்.

"அன்னைக்குப் போட்ட மாதிரி ஒண்ணு கட்டிக் குடு" என்றார். கதவுவரை போனவர் திரும்பினார். "தெரியாம செஞ்சேன்னு சொன்னியே. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். ஆனா தெரிஞ்சு செஞ்சதுன்னு நீ சொல்லியிருந்தா இன்னும் சந்தோசப்பட்டிருப்பேன்."

ஆமாம் சாமி, தெரியும் என்றேன். பிரோஷ்கா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. வாயைத் திறந்து சொல்லத் தைரியம் இல்லை, பூவை விட்டுச் சொல்லவைத்தேன். வெளிநாட்டுக்காரன் என்று விட்டுவிடுவார்கள் என்று அதற்கும் ஒரு வழி வைத்துக்கொண்டேன்.

அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

மாலை கட்டினேன். கல்லறைத் தோட்டத்தில் மற்றச் சாமியார்களுக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் பண்ணினார்கள். பெட்டிமேல் பெரிய சாமி தன் கையாலேயே மாலையைப் போட்டார். பிரோஷ்கா அம்மாள் படியேறி வந்திருந்தது. என் பக்கம் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனது.

டிசம்பர் 15

அமலோற்பவத்தைக் கூப்பிட்டேன். முதலில் வேலை விஷயம். "சரி, வாங்க. இங்க ஆஸ்பத்திரியா இல்ல? உள்ளதைச் சொல்லியே கேப்போம், யாராச்சும் ஒருத்தர் குடுப்பாங்க" என்றாள்.

போனை வைக்கப் போனாள். இரு என்றேன்.

போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாரே, மச்சான் போனைக் காதில் வைத்தாரே, அதைச் சொன்னேன். லைன் சரியில்லாமல் போச்சே, அதானே, என்றாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு ராயப்பா. இங்க வேணாம்யா. நீ சொன்னாத்தான் கேப்பாங்க." இதைத்தான் அப்பா சொன்னார். இரண்டு தடவை சொன்னார். கேக்கலப்பா, ஒண்ணும் கேக்கலப்பா என்று கத்திவிட்டு நான்தான் போனை வைத்தேன்.

அன்றைக்கு லைன் நன்றாகத்தான் இருந்தது.